சட்டைப்பையில் அடங்கும் காமா உணரி: வகுப்பில் பாவித்துப் பார்த்த பிறகு

உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கும் நண்பர்கள் பலர் காமாக் கதிரின் சக்தியை அளக்கும் இந்தச் சின்னக் கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. முடிவை முதலே சொல்கிறேன்: வாங்கலாம். ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்குள் அணுப் பௌதிகம் உண்மையாகவே வரவேண்டுமென்றால், இந்த விலைக்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. ஆனால் "காமாப் படம் எடுக்கும்" என்று விற்பவர்கள் போடும் ஒற்றை வரியை நம்பி மட்டும் வாங்காதீர்கள். காமா எங்கிருந்து வருகிறது என்று காட்டும் படம் எடுக்கலாம், நாங்கள் எடுத்தோம். அந்த வேலையில் பெரும்பங்கு ஈயத்துக்கும் பொறுமைக்கும் உரியது.

கருவியின் பெயரை நான் போடவில்லை. இதே அமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் செய்கின்றன, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்த அளவு. அதற்குள் ஒரு கன சென்ரிமீற்றர் பளிங்கு: தாலியம் சிறிதளவு சேர்த்த சீசியம் அயடைட்டு. காமாக் கதிர் ஒன்று அதற்குள் சக்தியை விட்டால் மஞ்சள் பச்சையாக ஒரு சிறு ஒளி மின்னும். விட்ட சக்தி கூடினால் ஒளியும் அதே விகிதத்தில் கூடும். பளிங்கின் முதுகில் ஒட்டியிருக்கும் சிலிக்கன் ஒளிப்பெருக்கி அந்த ஒளியை மின் துடிப்பாக்குகிறது. துடிப்பின் உயரத்தைக் கருவி அளந்து, புளூடூத்தால் போனுக்கு அனுப்ப, போனில் நிறமாலை, அதாவது எந்தச் சக்தியில் எத்தனை வந்தன என்று காட்டும் வரைபு, மெல்ல மெல்ல வளர்கிறது.

இதுதான் கைகர் எண்ணிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். கைகர் குழாய் "ஒன்று வந்தது" என்று மட்டும் சொல்லும். வந்தது யார் என்று சொல்லாது. எங்கள் பாடசாலைகள் சிலவற்றின் அலுமாரியில் பழைய கைகர் குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வைத்து அரைவாழ்வுக் காலம் (பாதி தேய எடுக்கும் நேரம்) படிப்பிக்கலாம், எழுமாறான தேய்வைக் காட்டலாம். ஆனால் பிள்ளை "இது எந்த மூலகம், ரீச்சர்?" என்று கேட்டால் அந்தக் குழாயிடம் பதில் இல்லை. சக்தியை அளக்கும் கருவியிடம் இருக்கிறது.

சக்தியைக் கிலோ இலத்திரன்வோல்ற்றில் சொல்வார்கள். இனிச் சுருக்கமாகக் கே.ஈ.வி. என்று எழுதுகிறேன். என்னிடம் உள்ள மாதிரிக்கு சீசியம் 137இன் (மூலகப் பெயருக்குப் பின்னால் வரும் எண் திணிவெண்) 662 கே.ஈ.வி. கோட்டில் பிரிதிறன் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று போட்டிருக்கிறார்கள். அதாவது அந்தக் கோடு ஏறத்தாழ 55 கே.ஈ.வி. அகலமான ஒரு மேடாகத் தெரியும். நல்ல சோடியம் அயடைட்டு உணரி 7 சதவீதத்தில் நிற்கும். பெரிய ஆய்வுகூடங்களின் தூய ஜேர்மானியம் உணரி 1332 கே.ஈ.வி.யில் வெறும் 2 கே.ஈ.வி. அகலம்தான் காட்டும், ஆனால் அதைத் திரவ நைதரசனாலோ வேறு குளிரூட்டியாலோ கடும் குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வரும் ஊரில், வியர்வை வழியும் வகுப்பறையில், 8 சதவீதம் எனக்குத் தாராளம். இன்னொன்று: சோடியம் அயடைட்டு ஈரப்பதனைக் குடித்துப் பழுதாகும். சீசியம் அயடைட்டு அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. கடற்காற்றடிக்கும் யாழ்ப்பாணத்தில் இதைச் சின்ன விஷயம் என்று விடமுடியாது.

சரி, எதை அளப்பது? கதிர்த்தொழிற்பாட்டு மூலம், அதாவது கதிர் வீசும் பொருள், வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பெரியப்பாவின் பழைய கடையில் பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் வலையான மென்ரில் பைக்கற்றுகள் மிஞ்சிக் கிடந்தன. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும், மின்சாரமே இல்லாமல் கிடந்த காலத்தில் கடைத்தெருவுக்கும் வெளிச்சம் தந்தவை. அந்தக் காலத்து மென்ரிலில் எரிந்த பின் எஞ்சும் வலை பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டு, அதோடு ஒரு சதவீதமளவு சீரியம் ஒட்சைட்டு. இப்போது வருபவற்றில் தோரியத்தைக் கைவிட்டுவிட்டவை உண்டு. ஆகவே பழையதுதான் வேண்டும். பைக்கற்றைப் பிரிக்காமல், பொலித்தீன் உறையோடு அப்படியே கருவிக்கு அருகில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் 238 கே.ஈ.வி.யில் ஒரு மேடு எழுந்து நின்றது. அது தோரியம் படிப்படியாகத் தேய்ந்து வரும் ஈயம் 212. அதன் பிறகு 583, 911. கடைசியில், வலது கோடியில், விரல்விட்டு எண்ணக்கூடிய துடிப்புகளோடு 2614. அது தாலியம் 208, இயற்கையில் அடிக்கடி சந்திக்கும் காமாக்களில் மிகச் சக்தி கூடியவற்றில் ஒன்று. தோரியத்தின் தேய்வுத் தொடரைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ வருடம் எழுதியிருக்கிறேன். அதன் உறுப்பினர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது பின்வாங்கிலிருந்த பிள்ளைகளும் எழும்பி முன்னுக்கு வந்தார்கள்.

தோரியத்துக்கும் எங்கள் நாட்டுக்கும் பழைய உறவு இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகத்தான் எல்லாரும் அறிவார்கள். அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவையில் பணிசெய்த காலத்தில், சப்பிரகமுவப் பக்கத்து இரத்தினக்கல் படிவுகளில் கிடைத்த கனமான கருப்புக் கனிப்பொருள்தான் 1904இல் தோரியனைற்று என்ற பெயரோடு அறிமுகமானது. புல்மோட்டைக் கரையின் கனிம மணலில் மொனசைற்று இருக்கிறது, அதிலும் தோரியம் உண்டு. பாடப் புத்தகத்தில் இந்த இரண்டு வரியும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்தது பொட்டாஷ் பசளை. எங்கள் வெங்காயத் தோட்டக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லாத பொருள். 50 கிலோ மூட்டையில் பாதியளவு பொற்றாசியம். இயற்கைப் பொற்றாசியத்தில் 0.0117 சதவீதம் பொற்றாசியம் 40, அதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டு. நூறு தேய்வில் பத்துப் பதினொன்றுதான் 1461 கே.ஈ.வி. காமாவைத் தரும். கணக்குப் போட்டால் மூட்டைக்குள் செக்கனுக்கு 80,000 அளவில் காமாக்கள் பிறக்கின்றன. இதைப் பிள்ளைகளையே கணிக்க விடுங்கள், அவகாதரோ எண் முதல் அரைவாழ்வு வரை எல்லாம் அந்த ஒரு கணக்குக்குள் வந்துவிடும். கருவியை மூட்டையின் மேல் வைத்துவிட்டு மற்றப் பாடத்தைப் படிப்பிக்கலாம், பாடம் முடிய மேடு தெரியும். ஒரு கன சென்ரிமீற்றர் பளிங்குக்கு 1461 பெரிய சக்தி, பெரும்பாலானவை முழுச் சக்தியையும் விடாமல் தப்பிவிடும். அதனால்தான் அவ்வளவு நேரம்.

எனக்குப் பிடித்த பரிசோதனை மழைதான். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விட்டவுடன், வெளியில் நின்ற காரின் கூரையைத் துடைத்த துணியைக் கருவிக்கு மேல் மடித்து வையுங்கள். எண்ணிக்கை உடனே ஏறும். 352, 609 என்று இரண்டு மேடு வரும், ஈயம் 214உம் பிஸ்மத்து 214உம். மண்ணிலிருந்து காற்றில் கலந்த ராடன் வாயு தேய்ந்து பிறக்கும் இந்த மூலகங்களை மழை கழுவிக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றின் அரைவாழ்வு 27 நிமிடமும் 20 நிமிடமும். ஒரு பாட நேரத்துக்குள்ளேயே எண்ணிக்கை இறங்குவதைப் பிள்ளைகள் வரைபாகப் போடலாம். வானத்திலிருந்து இலவசமாக, எந்த அனுமதியும் வேண்டாமல் வரும் குறுகிய அரைவாழ்வு மூலம் இது. இதற்காக மட்டுமே இந்தக் கருவியை வாங்கினாலும் நான் வருந்த மாட்டேன்.

இனி அந்த "படம்".

செயலியில் வரைபட வசதி ஒன்று இருக்கிறது. கருவியோடு நடந்தால் போன் இடத்தைக் குறித்துக்கொண்டு, பாதை முழுக்க நிறம் பூசும். சுண்ணாம்புக் கல் தெரியும் இடத்தில் நிறம் தாழ்ந்தும், கருங்கல் பரப்பிய வாசலில் உயர்ந்தும் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கருவி நின்ற இடத்தின் கணக்கு. காமா எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியாது. காமாவை மடக்கும் வில்லை கிடையாது, ஆகவே திசை தெரிய வேண்டுமென்றால் வேண்டாத திசைகளை அடைக்க வேண்டும். அடைக்க ஈயம் வேண்டும்.

குருநகரில் வலைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வலையின் அடியில் கட்டும் சின்ன ஈயத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் கேட்டதும் கடைக்கார ஐயா நிமிர்ந்து பார்த்தார். "வலை ஆருக்குப் பிள்ளை?" என்றார். பிள்ளைகளின் பரிசோதனைக்கு என்றதும் நல்லதாகத் தேடி நிறுத்துத் தந்தார். உருக்கவே கூடாது, ஈயப் புகை உடம்புக்கு நஞ்சு. 400 கிராம் பால்மாப் பேணியின் நடுவில் கருவியை வைத்து, பளிங்கு இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு சென்ரிமீற்றர் துவாரமும் 4 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய்த் துண்டைப் பொருத்தி, மிச்ச இடம் முழுக்க ஈயத் துண்டுகளைக் கொட்டினோம். கையுறை போட்டுத்தான், பிறகு எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித்தான். துண்டுகளுக்கிடையே காற்று இருப்பதால் 4 சென்ரிமீற்றர் தடிப்பு உண்மையில் இரண்டரை சென்ரிமீற்றர் ஈயத்துக்குச் சமமாகும்.

இந்த இடத்தில்தான் பௌதிகம் இனிக்கிறது. 238 கே.ஈ.வி. காமாவில் பாதியை நிறுத்த ஒரு மில்லிமீற்றர் ஈயமே போதும். ஆகவே எங்கள் பேணிச் சுவர் அதற்கு மலை. 2614இல் பாதியை நிறுத்தவோ கிட்டத்தட்ட ஒன்றரை சென்ரிமீற்றர் வேண்டும், அதனால் அதில் மூன்றில் ஒன்று சுவரை ஊடுருவியே உள்ளே வந்துவிடும். எல்லாச் சக்தியையும் சேர்த்து எண்ணினால் படம் புகை மூடியதாக வரும். 238 மேட்டை மட்டும் எண்ணினால், அதுவும் மேட்டுக்கு இரு பக்கத்திலும் உள்ள பின்னணி எண்ணிக்கையைக் கழித்துவிட்டு எண்ணினால், குழாய் வழியே வந்தது மட்டும் மிஞ்சும். நல்ல நிறமாலை இருந்தால்தான் நல்ல படம். ஆஸ்பத்திரிக் காமாக் கமராவும் இதைத்தான் செய்கிறது, தெக்னீசியம் 99எம் தரும் 140 கே.ஈ.வி.யைச் சுற்றி ஒரு சாளரம் வைத்து, சிதறி வந்ததைத் தள்ளிவிடுகிறது.

மாணவரில் ஒரு குழு பனையோலைப் பெட்டிக்குள் மென்ரில் பைக்கற்றுகளை ஒளித்தது: ஒரு மூலையில் ஐந்து, நடுவுக்குக் கிட்ட மூன்று, இன்னோர் இடத்தில் ஒன்றே ஒன்று. மற்றக் குழு பெட்டியின் மூடியில் 2 சென்ரிமீற்றர்க் கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பேணியை மூன்று நிமிடம் நிறுத்தி எண்ணியது. சனிக்கிழமை பகல் முழுக்கப் போனது. பிள்ளைகள் முறைவைத்து நின்றார்கள், தேத்தண்ணிக்கும் ஒருவர் விட்டு ஒருவர்தான் போனார்கள். கட்டங்களுக்கு எண்ணிக்கைப்படி பென்சிலால் கருமை தீட்டியபோது ஐந்து இருந்த மூலை தெளிவாக, மூன்று இருந்த இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. தனியே கிடந்த ஒன்று, இருக்கிறதா இல்லையா என்று வாக்குவாதம் வரும் அளவுக்குத்தான். அந்த வாக்குவாதம் அன்றைய சிறந்த பாடம். நூறு எண்ணினால் வழு பத்து, அதாவது பத்து சதவீதம். நானூறு எண்ணினால் இருபது, ஐந்து சதவீதம். வழுவைப் பாதியாக்க நேரம் நான்கு மடங்கு வேண்டும். இதைச் சூத்திரமாகச் சொன்னால் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். மூன்று நிமிடம் நின்ற காலுக்கு மறக்காது.

எங்கள் பேணி ஒற்றைக் கண், கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும். ஹால் ஆங்கர் என்பவர் 1958இல் வெளியிட்ட காமாக் கமராவில் ஒரு பெரிய பளிங்கின் பின்னால் பல ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இருந்தன, எந்தக் குழாய்க்கு எவ்வளவு ஒளி கிடைத்தது என்று ஒப்பிட்டு விழுந்த இடம் கணிக்கப்பட்டது. அணுப் பௌதிக ஆய்வுகூடங்கள் அதையும் தாண்டிவிட்டன. அங்கே ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பறக்கும் அணுக்கருவிலிருந்து காமா வரும். முன்பக்கம் வந்தால் சக்தி பத்து சதவீதமளவு கூடித் தெரியும், பின்பக்கம் என்றால் குறைந்து. காமா எந்த இடத்தில் பட்டது என்று மில்லிமீற்றர் கணக்கில் தெரியாவிட்டால் இந்த டொப்ளர் விலகலைத் திருத்த முடியாது, ஜேர்மானியத்தின் அருமையான பிரிதிறன் முழுக்க வீணாகும். ஐரோப்பாவின் அகாட்டா என்ற உணரித் தொகுதியில் ஒவ்வொரு ஜேர்மானியப் பளிங்கும் 36 துண்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, துடிப்பின் வடிவத்தைப் பார்த்தே பட்ட இடத்தைக் கணிக்கிறார்கள். பேணியைத் தள்ளி நின்ற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது "ஏன் அவ்வளவு செலவழிக்கினம்?" என்ற கேள்வி வரவில்லை. "அங்கை போய்ப் படிக்கேலுமோ ரீச்சர்?" என்றுதான் வந்தது.

குறைகளுக்கு வருகிறேன். வெப்பநிலை முதலாவது. சிலிக்கன் ஒளிப்பெருக்கியின் பெருக்கம் வெப்பநிலையோடு மாறும். கருவி அதைத் தானே ஈடுசெய்யும் என்று கையேட்டில் இருக்கிறது, ஓரளவுக்குச் செய்கிறது. ஆனால் சித்திரை மாதத்து நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழே நெடுநேரம் ஓடவிட்டால் மேடுகள் இடம் நகர்ந்து அகலமாகின்றன. நீண்ட அளவீடுகளை இரவில் வையுங்கள், அல்லது மென்ரிலின் 238ஐயும் 2614ஐயும் வைத்து அளவுதிருத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, செயலியின் தானியங்கி "மூலக இனங்காணல்". மேடு சரியாக வளருமுன்னே ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. வகுப்பில் அதை அணைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளை அட்டவணை பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செயலியில் தமிழ் இல்லை, அது பெரிய தடையும் இல்லை. பற்றரி பல நாள் நிற்கிறது.

கதிர்வீச்சின் அளவாக, மணிக்கு இத்தனை மைக்ரோசீவேட் என்று முகப்பில் பெரிதாக வரும் எண்ணைத்தான் வீட்டுக்காரர், அயலார் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். என் வீட்டில் அது பெரும்பாலும் 0.1க்குக் கீழேதான் நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லில் யுரேனியமும் தோரியமும் பொற்றாசியமும் பொதுவாகக் குறைவு என்பதால் எனக்கு அதில் வியப்பில்லை. "கூடங்குளத்திலை ஏதும் நடந்தால் உது சொல்லுமோ?" என்று பக்கத்து வீட்டு அண்ணை கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான், கூடங்குளம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பெரிய மாற்றம் வந்தால் எண்ணிக்கை ஏறும், 662இல் சீசியத்தின் மேடு வந்தால் நிறமாலையில் அது மறைந்திருக்காது என்று சொன்னேன். ஆனால் சிறு அளவுகளை இவ்வளவு சின்னப் பளிங்கு பிடிக்காது. அந்தப் பொறுப்பு இலங்கை அணுசக்திச் சபையின் கருவிகளுக்கு உரியது. கிணற்றுத் தண்ணீரையும் மரக்கறியையும் இதன் மேல் வைத்து "நல்லது, கூடாது" என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

விலை 300 டொலர் அளவில், அனுப்பும் செலவும் வரியும் தனி. பொதி வருவதற்கு நாள் எடுக்கும், தவணை தொடங்குவதற்கு நன்கு முன்பே ஓடர் போடுங்கள். மலிவான மாதிரியும் விலை கூடிய மாதிரியும் பெரும்பாலும் பிரிதிறனில்தான் வேறுபடுகின்றன. தோரியத்தின் மேடுகள் இன்னும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டுமென்றால் நல்ல மாதிரியை எடுங்கள், மழைப் பரிசோதனையும் பொட்டாஷும் போதுமென்றால் மலிவானது காணும். ஒரு பாடசாலையால் முடியாவிட்டால் அருகருகே உள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து வாங்கி மாறி மாறி வைத்திருக்கலாம். பழைய மாணவர் சங்கங்களிடம் கேட்க இது நல்ல பொருள்.

கருவிக்குள் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் இணையத்தில் அளவுதிருத்த மூலம் என்று விற்கும் சின்ன வட்டத் தட்டுகளை, கேட்காமல் வாங்கி இறக்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி அவற்றுக்கு ஒழுங்குபடுத்தல் பேரவை இருக்கிறது, முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். மென்ரில் பைக்கற்றைப் பிரிக்காமல் உறைக்குள் வைத்து, உறையின் மேல் பெயரும் திகதியும் எழுதி, அலுமாரியில் பூட்டி வையுங்கள். ஈயப் பேணிக்கு மூடியை இறுக்கி ரேப் சுற்றி, சின்னப் பிள்ளைகளின் கை படாதபடி அலுமாரியின் கீழ்த் தட்டில் வைத்துப் பூட்டுங்கள். ஐந்தாறு கிலோ பாரம், மேல் தட்டிலிருந்து விழுந்தால் கால் போய்விடும்.